கடுங்காப்பி ஆறு

அமேசானோட கிளை நதி ரியோ நீக்ரோவுல தண்ணி கடுங்காப்பி நிறத்துல ஓடும். 1848ல அமேசானுக்குப் போன ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், இலையும் வேரும் மக்கிக் கரைஞ்சதுதான் இந்தக் கறுப்புன்னு 1853லயே எழுதிட்டார். எனக்கு அவரைப் பிடிச்சுப்போனது இதனாலதான். (1852ல திரும்பும்போது கப்பல் தீப்பிடிச்சு சேகரிப்பு எல்லாம் போச்சு. பேக்கப் இல்லாத காலம்!)

வருஷாவருஷம் சுமார் 10 மீட்டர் ஏறுற வெள்ளம் கரையோரக் காட்டை மாசக்கணக்கா மூழ்கடிக்கும். இந்தக் காட்டுக்கு இகாப்போன்னு பேரு. ஆண்டிஸ் வண்டல் எட்டாத ஏழை மண்ணுங்க. உதிர்ந்த இலை மக்கி, சத்து திரும்ப வேருக்குப் போனாத்தான் மரத்துக்குச் சாப்பாடு.

மிச்சக் கரிமம் எங்கே போகுது? அமேசான் ஆறு, சதுப்புகள்ல இருந்து வருஷத்துக்குச் சுமார் 50 கோடி டன் கரிமம் கரியமில வாயுவா காத்துல கலக்குதுன்னு 2002ல ஜெஃப்ரி ரிச்சி குழு கணக்கு சொல்லிச்சு. கடலுக்குப் போற அங்ககக் கரிமத்தைவிட பத்து மடங்குக்கும் மேல! ஆனா பெரும்பாலும் அது செடிகொடிங்க காத்துல இருந்து எடுத்ததுதான், வரவும் செலவும் ஒரே கணக்குல.

அந்தக் கணக்கைக் கெடுத்தது பால்பினா அணை. 1987ல உவாதுமா ஆத்தை மறிச்சாங்க. வெறும் 250 மெகாவாட்டுக்காக 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேல மூழ்கிச்சு. முங்கின காடு ஆக்ஸிஜன் இல்லாம அழுகி மீத்தேனைக் கக்குது. அணைக்குக் கீழே வடியவேண்டிய காலத்துலயும் தண்ணி வடியாம நின்னதுல, வெள்ளத்துக்குப் பழகின இகாப்போ மரங்களே பட்டுப்போச்சு.