இரண்டு பேட்டரிகளும் முப்பத்தொரு ஆண்டுகளும்

தாயில்பட்டியில் ஒருவர் பெட்டிக் கடையில் தீப்பெட்டி வாங்கிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்கிப் போனவர் அதை வைத்து ஒரு வீட்டைக் கொளுத்திவிடுகிறார். வாங்கிக் கொடுத்தவர் குற்றவாளியா? "எதற்கு என்று தெரிந்து கொடுத்தாரா?" என்றுதான் யாரும் முதலில் கேட்பார்கள். ஒரு மனிதரின் உயிரே அந்த ஒரு கேள்வியில் தொங்கிக் கொண்டிருந்த வழக்குதான் பேரறிவாளன் வழக்கு.

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் மனித வெடிகுண்டால் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அவரோடு பல அப்பாவிகளும் மாண்டனர். அது கொடிய குற்றம். அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஜூன் 11 அன்று சென்னையில் பேரறிவாளன் கைது செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 19. வெடிகுண்டில் பயன்படுத்தப்பட்ட இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளை வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீதான முக்கியக் குற்றச்சாட்டு.

வழக்கு தடா சட்டத்தின் கீழ் நடந்தது. சாதாரணச் சட்டப்படி போலீசிடம் கொடுக்கும் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. தடாவிலோ, காவல் கண்காணிப்பாளர் பதிவு செய்த வாக்குமூலமே சாட்சியம்! 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்து, மூவருக்கு ஆயுள் தண்டனையும், பேரறிவாளன், முருகன், சாந்தன், நளினி ஆகிய நால்வருக்குத் தூக்கும் என்று தீர்ப்பளித்தது. தடா குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று சொன்ன அதே தீர்ப்பு, தடா வாக்குமூலத்தை மட்டும் ஏற்றுக்கொண்டது.

இங்கிருந்துதான் ஒரு தாயின் பயணம் தொடங்குகிறது. ஜோலார்பேட்டையைச் சேர்ந்த அற்புதம்மாள் சிறை வாசலுக்கும் நீதிமன்றத்துக்கும் தலைவர்களின் வீட்டு வாசலுக்கும் ஓய்வின்றி நடந்தார். முன்னாள் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் போன்றோரும் மரண தண்டனை எதிர்ப்பு இயக்கத்தினரும் துணை நின்றனர்.

2011இல் கருணை மனு நிராகரிக்கப்பட்டு, செப்டம்பர் 9 தூக்கு நாள் என்று குறிக்கப்பட்டது. தமிழகம் கொந்தளித்தது. கோயம்பேட்டில் மூன்று பெண் வழக்கறிஞர்கள் உண்ணாவிரதம் இருந்தனர். காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தீக்குளித்து மாண்டார். உயிரைக் காக்க நடந்த போராட்டத்தில் ஓர் உயிர் போனது பெரும் சோகம். ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்தி வைத்தது. அதே நாளில் தண்டனையைக் குறைக்கக் கோரி சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது.

2013இல்தான் அந்தக் கேள்விக்கு விடை வந்தது. வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி தியாகராஜனே வாய் திறந்தார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என பேரறிவாளன் சொன்னதாகவும், அதை எழுதாமல் விட்டுவிட்டதாகவும் ஒப்புக்கொண்டார். எழுதாமல் விட்ட அந்த ஒரு வரிதான் தூக்குக்கும் விடுதலைக்கும் இடையே இருந்த தூரம்!

கருணை மனுவை முடிவு செய்ய நேர்ந்த நீண்ட தாமதத்தைக் காரணம் காட்டி, 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2018இல் தமிழக அமைச்சரவை ஏழு பேரின் விடுதலைக்குப் பரிந்துரைத்தும் ஆளுநர் முடிவெடுக்காமல் காலம் ஓடியது. இறுதியில் 2022 மே 18 அன்று அரசியல் சட்டத்தின் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுவித்தது. மற்ற ஆறு பேரும் அதே ஆண்டு நவம்பரில் விடுதலையாயினர். இது நிரபராதி என்ற தீர்ப்பு அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. தண்டனைதான் முடிந்தது, கேள்வி முடியவில்லை.

இங்கிலாந்தில் திமோத்தி எவன்ஸ் 1950இல் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன பக்கத்து வீட்டுக்காரனே பல பெண்களைக் கொன்றவன் என்பது 1953இல் தெரிய வந்தது. எவன்ஸுக்கு 1966இல் மன்னிப்பு கிடைத்தது. ஆனால் வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

2011 செப்டம்பர் 9 அன்று தூக்கு நிறைவேறியிருந்தால், 2013இல் வந்த உண்மை யாருக்குப் பயன்பட்டிருக்கும்? சிறையில் போன ஆண்டுகளைத் திருப்பித் தர முடியாதுதான். ஆனால் கதவையாவது திறந்துவிடலாம். தூக்குக் கயிற்றை அவிழ்ப்பதால் யாரும் திரும்பி வருவதில்லை. மரண தண்டனை வேண்டாம் என்பவர்கள் கேட்பது, தவறைத் திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பு மட்டுமே!