கேப் யார்க் இரும்பு விண்கல்: பெயரும் மீட்கப்பட்ட நிறையும்

கிரீன்லாந்தின் வடமேற்குக் கரையோர இனுயிட் மக்கள், அங்குக் கிடந்த விண்கல் இரும்பைக் கல்லால் தட்டிப் பெயர்த்துக் கத்திகளுக்கு அலகாக்கினர். 1818இல் பிரித்தானியக் கடற்படையினரான ஜான் ராஸ் அக்கத்திகளைக் கண்டார். அம்மக்கள் ‘பெண்’, ‘நாய்’, ‘கூடாரம்’ என வழங்கிய மூன்று பாளங்களையும் ராபர்ட் பியரி 1895, 1897ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிற்குக் கொண்டுசென்றார். ஏறத்தாழ 31 டன் நிறையுள்ள ‘கூடாரம்’, அவர் மகளின் பெயரால் ‘அனிகிட்டோ’ ஆயிற்று. 1963இல் கண்டறியப்பட்ட 20 டன் ‘அக்பாலிலிக்’ உட்பட மீட்கப்பட்ட மொத்த நிறை சுமார் 58 டன் ஆகும். கத்திகளாகித் தேய்ந்த இரும்பு இக்கணக்கில் இடம்பெறவில்லை. அவ்விரும்பால் பெயர்பெற்ற ஊர் சாவிசிவிக். விண்கல் பட்டியலிலோ அதன் பெயர் ‘கேப் யார்க்’. ஆகவே, இப்பெயரும் நிறையும் அருங்காட்சியகங்களை அடைந்த பகுதியின் வரலாற்றை மட்டுமே தருகின்றன எனலாம்.