மெருகும் மெழுகும்

1940-களின் சிகாகோ. ரிக்லி ஃபீல்டு மைதானத்துக்குள் பேஸ்பால் ஆட்டம் நடக்கிறது. வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் பென் ஹிர்ஷ் என்பவர் கையில் புட்டியும் துணியுமாக நுழைகிறார். யாரும் கேட்காமலே ஒரு காரின் ஒரே ஒரு மட்கார்டை மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார். பிறகு ஓரமாக நின்று காத்திருக்கிறார். ஆட்டம் முடிந்து வரும் சொந்தக்காரருக்கு ஒரு மட்கார்டு கண்ணாடி போலவும் மற்ற மூன்றும் சாம்பல் பூத்தாற்போலவும் தெரியும். அந்தக் கோலத்தில் வண்டியை வீட்டுக்கு ஓட்டிப்போக யாருக்கு மனம் வரும்?

ஹிர்ஷ் அந்தக் கலவையை வீட்டுக் குளியல் தொட்டியில் கலக்கினார். மனைவி மேரி புட்டியில் அடைத்தார். 1941-ல் தொடங்கியபோது அதன் பெயர் ப்ளாஸ்டோன். பின்னர் விஸ்கான்சின் மாநிலத்தின் பெலாய்ட் ஊரில் 'டர்ட்டில் க்ரீக்' என்ற ஓடையைப் பார்த்தவருக்கு ஆமையோட்டின் நினைவு வந்தது. ஓடு போலக் கெட்டியாகக் காக்கும் வேக்ஸ் என்ற பொருளில் சரக்கு 'டர்ட்டில் வேக்ஸ்' ஆனது.

பெயரில் வேக்ஸ் இருக்கிறது. ஆனால் அந்த ஒற்றை மட்கார்டைப் பளபளக்க வைத்தது வேக்ஸ்தானா?

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. நடுவில் ஓர் எழுத்துதான் வேறுபாடு. மெருகு, மெழுகு. தட்டான் நகைக்கு மெருகு போடுகிறார் என்றால் மேலே எதையும் பூசுவதில்லை. தேய்த்து, மேடு பள்ளத்தைச் சமன் செய்கிறார். திண்ணையை மெழுகுவது என்றால் மேலே ஒரு படலம் இடுவது. முன்னது எடுப்பது, பின்னது சேர்ப்பது. கார் பாலிஷ், வேக்ஸ், சீலண்ட் என்று கடைத்தட்டில் வரிசையாக நிற்கும் டப்பாக்களின் நூற்றாண்டுக் குழப்பமெல்லாம் இந்த ஓரெழுத்து வேறுபாட்டுக்குள் அடங்கிவிடும். வேலையைச் செய்தது பெரும்பாலும் மெருகு. பேர் வாங்கியது மெழுகு.

கார் வந்த புதிதில் அதற்கு வண்ணம் அடித்தவர்கள் குதிரை வண்டிக்கு வண்ணம் அடித்த அதே ஆட்கள்தான். ஆளிவிதை எண்ணெயில் காய்ச்சிய வார்னிஷைத் தூரிகையால் பூசி, காயவிட்டு, நுரைக்கல் பொடியால் தேய்த்து, மறுபடி பூசி, கடைசியில் அதைவிட மெல்லிய கல்பொடியால் மெருகேற்றுவார்கள். ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆகும். அத்தனை பாடுபட்டும் வெயில் பட்டால் அந்த வார்னிஷ் மஞ்சளாகி வெடித்துவிடும். ஹென்றி ஃபோர்டு 1914 முதல் 1925 வரை தன் மாடல் டி காரைக் கறுப்பில் மட்டுமே விற்றார். கறுப்பு மலிவானது, உழைக்கக்கூடியது, தொழிற்சாலை வேகத்துக்கு ஒத்துவந்தது.

பூச்சு இப்படி அற்பாயுளில் போனதால் அதைக் காப்பாற்றித் தருகிறேன் என்று சொல்பவருக்கு நல்ல சந்தை இருந்தது. 1910-ல் ஜார்ஜ் சைமன்ஸ் தொடங்கிய 'சைமனைஸ்' அதைப் பிடித்துக்கொண்டது. அவர்கள் விற்றது ஒரு டப்பா அல்ல, இரண்டு. ஒன்று செத்த வண்ணத்தைத் தேய்த்து எடுக்கும் 'க்ளீனர்', மற்றது அதன்மேல் பூசும் வேக்ஸ். மெருகையும் மெழுகையும் அவர்கள் சரியாகவே பிரித்து வைத்திருந்தார்கள். ஆனால் இரண்டையும் போட்டு முடிக்க முழங்கை கழன்றுவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படியே போய்விடும். நம்மூரில் நகலெடுப்பதை ஜெராக்ஸ் எடுப்பது என்கிறோமே, அதுபோலக் காருக்கு மெருகிடுவதையே அமெரிக்கர்கள் 'சைமனைஸ் செய்வது' என்றார்கள். அந்த வினைச்சொல் ஆங்கில அகராதியிலும் ஏறிவிட்டது.

1923-ல் நிலைமை தலைகீழானது. முதல் உலகப் போருக்கு வெடிமருந்து செய்த டுபாண்ட் நிறுவனம், வெடிபஞ்சின் உறவுக்காரப் பொருளான நைட்ரோசெல்லுலோஸைக் கொண்டு 'டுக்கோ' என்ற வண்ணப்பூச்சைக் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அதைத் தன் ஓக்லண்ட் கார்களில் அடித்து, நீல நிறத்தில் சந்தைக்கு அனுப்பியது. துப்பாக்கியால் பீய்ச்சலாம், வாரங்கள் பிடித்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது. கறுப்பின் ஆட்சியும் அத்தோடு போனது.

டுக்கோவுக்கு ஒரு குறை உண்டு. துப்பாக்கியிலிருந்து இறங்கும்போது அதற்குப் பளபளப்பு வராது. காம்பவுண்டு என்ற தேய்ப்புப் பசையைப் போட்டுத் தேய்த்தால்தான் வரும். வந்த பளபளப்பும் வெயிலில் நிற்காது. சூரியனின் புற ஊதாக் கதிர், நிறத்துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் பிசினை உடைத்துவிடுகிறது. பிடி விட்ட நிறம் சுண்ணாம்புப் பொடி போல மேலே நிற்கிறது. விரலால் தடவினால் ஒட்டும். அந்தப் பொடியைத் தேய்த்து எடுத்துவிட்டால் அடியில் புது வண்ணம் பளிச்சென்று எட்டிப் பார்க்கும். வண்ணத்தை விற்ற டுபாண்டே 'நம்பர் 7 டுக்கோ பாலிஷ்' என்று அதற்கு மருந்தையும் விற்றது. நோயும் மருந்தும் ஒரே கடையில்! ஹிர்ஷின் மட்கார்டு வித்தை பலித்ததற்கும் இந்தப் பூச்சுதான் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

டுபாண்டின் சரக்கு நம்மூர் பட்டறைப் பேச்சில் இன்னும் சாகவில்லை. நைட்ரோசெல்லுலோஸ் எப்போதோ காரைவிட்டு இறங்கிவிட்டது. ஆனால் மர அலமாரிக்குத் துப்பாக்கியால் அடிக்கும் வழுவழுப்பான வண்ணத்தை ஆசாரிகள் இன்றும் டுக்கோ பெயிண்ட் என்றுதான் சொல்கிறார்கள்.

இனி மெழுகு.

பிரேசிலின் வடகிழக்கில் சியரா, பியாவி, ரியோ கிராண்டே டோ நோர்த்தே மாநிலங்களில் மழை பொய்ப்பது வழக்கம். அங்கே நம் பனைக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு மரம் நிற்கிறது. அதே விசிறி ஓலை, அதே நெடுமரம். பெயர் கார்னாபா. வறட்சியில் ஈரம் போய்விடாமலிருக்க ஓலையின்மேல் அது மெழுகைக் கசிய விடுகிறது. மழையில்லாத மாதங்களில் நீண்ட மூங்கில் கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, கீழே நின்றபடியே ஓலையை அறுத்துத் தள்ளுகிறார்கள். அண்ணாந்து பார்த்தே செய்கிற வேலை, கழுத்து போய்விடும். ஓலையைத் தரையில் பரப்பிக் காயவைத்தால் மெழுகு வெளிறிய பொடியாக உதிரும். அதைத் தட்டி எடுத்து, தண்ணீரோடு காய்ச்சி, வடிகட்டி, பாளமாக உறையவிட்டு உடைக்கிறார்கள். விரியாத குருத்தோலையில் கிடைக்கும் மெழுகு வெளிர் மஞ்சள், அதுதான் முதல் தரம். முற்றிய ஓலையின் மெழுகு கறுத்துப்போயிருக்கும், விலையும் இறங்கிவிடும்.

தேன்மெழுகு சுமார் 63 டிகிரி செல்சியஸில் உருகும். கார்னாபா உருக 82 டிகிரிக்கு மேல் வேண்டும். சித்திரை வெயிலில் கறுப்பு பானெட்டைத் தொட்டவருக்கு அந்த 20 டிகிரியின் அருமை புரியும். ஷூ பாலிஷிலும், மாத்திரை மேல்பூச்சிலும், பளபளக்கும் மிட்டாயிலும் இதே மெழுகுதான். மிட்டாய் உறையில் 903 என்ற எண்ணாக ஒளிந்திருக்கும்.

ஆனால் சுத்தக் கார்னாபா கல் போல இருக்கும். துணியால் தேய்க்கவே முடியாது. கரைப்பானையும் எண்ணெயையும் மென்மையான மெழுகுகளையும் சேர்த்தால்தான் குழையும். ஆகவே டப்பாவில் '100 சதவீதம் கார்னாபா' என்று கண்டால் ஒரு புன்னகையோடு கடந்துபோவது நல்லது. அதிலிருக்கும் மெழுகில் வேறு மெழுகு கலக்கவில்லை என்பதற்குமேல் அதற்குப் பொருள் கிடையாது.

இந்த மரத்துக்காக ஒருவர் விமானமே ஏறினார். விஸ்கான்சினின் ரசீன் நகரில் மரத்தளம் விற்று, அந்தத் தளத்துக்கு மெழுகு விற்று வளர்ந்தது எஸ்.சி. ஜான்சன் நிறுவனம். அதன் தலைவர் ஹெர்பர்ட் ஜான்சன் 1935-ல் நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடிய சிகோர்ஸ்கி எஸ்-38 விமானத்தில் பிரேசிலின் ஃபோர்டலேசாவுக்குப் பறந்தார். தன் தொழிலுக்கு எதிர்காலத்திலும் போதுமான மரம் இருக்கிறதா என்று நேரில் பார்ப்பதே நோக்கம். விமானத்துக்கு அவர் வைத்த பெயரும் கார்னாபாதான். மகன் சாம் ஜான்சன் 1998-ல் அதே மாதிரி ஒரு விமானத்தைக் கட்டி, தன் மகன்களோடு அப்பா போன வழியில் பறந்தார். அந்த விமானம் இப்போது ரசீனில் 'ஃபோர்டலேசா ஹால்' என்ற கண்ணாடி மண்டபத்தில் தொங்குகிறது. மண்டபத்தை வடிவமைத்தவர் நார்மன் ஃபாஸ்டர். கழுத்தை ஒடித்துக்கொண்டு ஓலை அறுப்பவருக்கு மண்டபம் எதுவும் இல்லை. கார்னாபாத் தோப்புகளில் அடிமை நிலைக்கு ஒப்பாக நடத்தப்பட்ட கூலியாட்களை பிரேசில் அரசின் தொழிலாளர் ஆய்வாளர்கள் இந்த நூற்றாண்டிலும் மீட்டிருக்கிறார்கள்.

மெழுகின் இடத்துக்குப் போட்டியாக வந்தது போர்க்காலச் சரக்கு. டௌ, கார்னிங் என்ற இரு நிறுவனங்கள் 1943-ல் கூட்டாகச் சிலிக்கோன் தயாரிக்கத் தொடங்கியபோது அதன் முதல் வேலை போர்விமானத்தின் எரியூட்டு அமைப்பில் ஈரம் புகாமல் காப்பது. போர் முடிந்ததும் அது பாலிஷ் டப்பாவுக்குள் நுழைந்தது. காய்ந்த வேக்ஸைத் துடைத்தெடுக்க மல்லுக்கட்ட வேண்டியதில்லை; துணி தானாக வழுக்கிக்கொண்டு போனது. சைமனைஸ் தின்ற ஞாயிற்றுக்கிழமை மக்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

பெயிண்டர்களுக்கோ தலைவலி. சிலிக்கோன் தடவிய காருக்கு மறுபடி வண்ணம் அடித்தால், ஈரவண்ணம் அந்த இடத்தை விட்டு விலகி வட்ட வட்டமாகக் குழி விழும். நடுவில் அடிப்பூச்சு தெரியும். மீன்கண் என்று அதற்குப் பெயர். ஒரு துளி எச்சம் போதும், பாதி நாள் வேலை பாழ். இன்றும் பட்டறைக்கென்று விற்கும் காம்பவுண்டு டப்பாக்களில் 'சிலிக்கோன் இல்லை' என்று பெரிதாக அச்சிட்டிருப்பது அந்தப் பழைய பகையால்தான்.

பிறகு வண்ணத்தோடு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் அமினோ வகைச் சிலிக்கோன்கள் வந்தன. சீலண்ட் என்பதன் முதுகெலும்பு அதுதான். வேக்ஸ் சில வாரத்தில் சோப்புத் தண்ணீரோடு போய்விட, சீலண்ட் சில மாதம் நின்றது. கார்னாபா கதகதப்பான ஆழம் தரும், சீலண்ட் கண்ணாடி போலக் குளிர்ந்த பளபளப்புத் தரும் என்று ரசிகர்கள் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். நன்றாக மெருகேற்றிய பானெட்டின் இரு பாதியில் இரண்டையும் பூசி, எது எது என்று கேட்டால் அவர்களில் பலர் திணறுவார்கள் என்றே தோன்றுகிறது.

நீர்முத்து இன்னொரு மயக்கம். பூச்சின்மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்பதைப் பாதுகாப்பின் சாட்சியாக விளம்பரம் காட்டும். சென்னையின் போர் தண்ணீரில் காரைக் கழுவி வெயிலில் விட்டவருக்கு வேறு கதை தெரியும். ஒவ்வொரு முத்தும் காய்ந்து வெள்ளை உப்பு வளையத்தை விட்டுப்போகும். அதை எடுக்க மறுபடி பாலிஷ்தான் வேண்டும்.

நான்ஸ்டிக் சட்டிப் புகழை நம்பி டெஃப்லான் சேர்த்த பாலிஷும் வந்தது. அந்தப் பொருள் 327 டிகிரியில்தான் உருகும். சட்டியில் ஒட்டுவது சூளையில் வைத்துச் சுட்டதால். வாசலில் நிற்கும் காரில் துணியால் தடவினால் அது எதோடு உருகி ஒட்டும்? இப்போது சிலிக்கா சார்ந்த செராமிக் பூச்சின் காலம். '9எச் கடினம்' என்று பலகை வைக்கிறார்கள். அது வைரத்தை அளக்கும் கணக்கல்ல, பென்சில் கணக்கு. 9எச் பென்சிலால் கீறினாலும் கோடு விழவில்லை என்பதுதான் சோதனை. பூச்சு பல மாதங்கள் உழைக்கிறது என்பது உண்மை. மணல் ஒட்டிய துணிக்கு அது தாங்குமா என்பது வேறு விஷயம்.

இதற்கிடையே காரின் தோலே மாறிவிட்டது. 1980-களிலிருந்து நிறத்துக்கு மேல் நிறமற்ற க்ளியர் கோட் என்ற தனிப்பூச்சு பரவலானது. பளபளப்பு முழுக்க இப்போது அந்த மேல்பூச்சில்தான். அதன் தடிமன் ஏறக்குறைய 40, 50 மைக்ரான். தலைமுடி அதைவிடத் தடி. டுக்கோ காலத்து முரட்டுக் காம்பவுண்டு அதில் சுழல் சுழலாகக் கீறல் போட்டது. அதனால் தேய்க்கத் தேய்க்கத் தானும் நொறுங்கி மென்மையாகும் பொடிகளைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. புதுப் பூச்சு பழையதுபோலச் சுண்ணாம்பாகவில்லை. ஆனால் அமில மழை அதைக் குழி குழியாகத் தின்றது. ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் அந்த அரிப்பு மோசமாக இருந்ததால் பெயிண்ட் நிறுவனங்கள் அந்த ஊரையே சோதனைக்களமாக்கி, கோடை முழுக்கத் தகடுகளை வெயிலில் வைத்துப் பார்த்தன.

இன்றைய டீடெய்லிங் கடையில் பஃபிங் மெஷினைக் கையில் எடுக்கும் முன் தடிமன் அளக்கும் கருவியை பானெட்டில் வைத்துப் பார்க்கிறார்கள். எத்தனை மைக்ரான் மிச்சம் இருக்கிறதோ, அத்தனை மெருகுதான் அந்த வண்டிக்குப் பாக்கி. பழைய பட்டறையில் அந்தக் கருவி கிடையாது. அங்கே க்ளியர் கோட் இல்லாத ஒரு சிவப்பு மாருதி 800 வந்தால், திருப்பூர் பனியன் வேஸ்ட்டில் காம்பவுண்டைத் தொட்டு வட்டமாகத் தேய்ப்பார்கள். நாலு சுற்றில் துணி செக்கச்செவேலென்று ஆகிவிடும். டிக்கி பளபளக்கும். பலமுறை இப்படித் தேய்பட்ட வண்டியாக இருந்தால், அந்த டிக்கியின் விளிம்பில் சிவப்பு முடிந்து சாம்பல் நிற ப்ரைமர் ஒரு கோடாகத் தெரியும்.