கவசம் எப்போது துணி ஆனது?

ஆன்லைன் ரோல்-பிளேயிங் விளையாட்டில் முன்பின் தெரியாத ஒருத்தர் எதிரே வந்தால் முதலில் எதைப் பார்ப்போம்? தோளில் இருக்கிற கவசத்தையும் கையில் இருக்கிற ஆயுதத்தையும்தான். "ஆள் எவ்வளவு பலசாலி?" என்ற கேள்விக்கு ரொம்ப நாள் அதுதான் பதிலாக இருந்தது. அந்தப் பதில் எப்போது நம்ப முடியாததாக மாறியது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வெறும் எழுத்தால் ஆன பழைய மட் விளையாட்டுகளில் புதுக் கவசம் சேர்க்க ஒரு வரி எழுதினால் போதும். படம் வந்ததும் செலவு வந்துவிட்டது. 1996 கடைசியில் வெளிவந்த டயாப்லோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீரருக்கும் லேசான கவசம், நடுத்தரம், கனமானது என்று மூன்றே தோற்றம். ஆயுதம் பிடிக்கும் விதம் ஒன்பது: வெறுங்கை, கேடயம், வாள், வில், கோடரி என்று போகும். ஆக, ஒரு வீரருக்கு 27 சேர்க்கை. ஒவ்வொன்றுக்கும் நிற்பது, நடப்பது, வெட்டுவது, அடி வாங்குவது, சாவது எல்லாவற்றையும் 8 திசைகளில் முழுப் படமாக முன்கூட்டியே செய்து வைக்கவேண்டும். இன்னொரு வகைக் கவசம் சேர்த்தால் எல்லாம் பெருகும். அதனால்தான் அதில் தலைக்கவசத்தை மாற்றினாலும் உருவத்தில் ஒரு மாற்றமும் தெரியாது.

அடுத்த வருஷமே, 1997 செப்டம்பரில், அல்டிமா ஆன்லைன் வேறு வழியில் போனது. உடம்பு ஒரு படம், சட்டை ஒரு படம், மேலங்கி ஒரு படம். அடுக்கடுக்காக ஒன்றின் மேல் ஒன்று. புதுச் சட்டை வந்தால் ஒரு படம் கூடும், அவ்வளவுதான். பெருக்கல் கணக்கு கூட்டல் கணக்காக மாறியது. படத்தைச் சாம்பல் நிறத்தில் வைத்துக்கொண்டு வண்ண அட்டவணையை மட்டும் மாற்றினால் அதே துணி சிவப்பாகும், நீலமாகும். சாயத்தொட்டி வாங்கி ஆட்கள் தங்கள் துணிக்குச் சாயம் போட்டார்கள். ஒரே கூட்டத்து ஆட்கள் ஒரே நிறத்தில் வலம் வந்தார்கள். பலத்துக்கும் அந்த நிறத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

2004-இல் இரண்டு பாதை தெளிவாகப் பிரிந்தது. ஏப்ரலில் வந்த சிட்டி ஆஃப் ஹீரோஸில் உடை வேறு, சக்தி வேறு. சூப்பர் ஹீரோ ஒவ்வொரு சண்டைக்கும் கவசம் மாற்ற மாட்டார் இல்லையா? விளையாட ஆரம்பிக்கும்போதே இஷ்டத்துக்கு வேஷம் கட்டலாம். சுதந்திரம் அந்த அளவுக்கு இருந்ததால், எங்கள் நாயகர்களை நகல் எடுக்க வழி செய்கிறீர்கள் என்று மார்வெல் நிறுவனம் அதே நவம்பரில் வழக்கே போட்டது. 2005 டிசம்பரில் அது சமரசமாக முடிந்தது.

அதே 2004 நவம்பரில் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் நேர் எதிர். 40 பேர் சேர்ந்து வாரக்கணக்கில் போராடினால்தான் பெரிய கவசத் தொகுப்பு கிடைக்கும். அதைப் போட்டுக்கொண்டு நகரத்து நடுவில் நின்றால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே கவசம் ஒரு சாட்சி. ஆனால் அந்தச் சாட்சிக்கு ஆயுள் கம்மி. 2007 ஜனவரியில் முதல் விரிவாக்கம் வந்ததும், சாதாரண வேலைகளுக்குக் கூலியாகக் கிடைத்த சட்டையே பழைய கவசத்தைவிடப் பலமாக இருந்தது. பலம் வேண்டுமா, அந்தச் சட்டையைப் போட்டே ஆகணும். ஊரே கலர் பொருந்தாத கோமாளி வேஷத்தில் திரிந்தது. உழைத்துச் சம்பாதித்த கவசம் பெட்டிக்குள் போனது, இல்லை கடைக்காரரிடம் போனது.

இந்தக் குறைக்கு வந்த மருந்துதான் 2011 நவம்பர் 29 அன்று, 4.3 பதிப்பில் வந்த டிரான்ஸ்மாக். பலம் புதுக் கவசத்தினுடையது, தோற்றம் பழையதினுடையது. புரோகிராம் எழுதுகிறவர் கண்ணால் பார்த்தால், ஒரு பொருளுக்கு ஒரு எண் என்று இருந்த இடத்தில் இரண்டு எண்: ஒன்று கணக்குக்கு, ஒன்று கண்ணுக்கு. 2016-இல் பழைய பொருளைப் பெட்டியில் வைத்திருக்கவேண்டிய தேவையும் போய், தோற்றம் மட்டும் கணக்கில் ஏறி நிற்க ஆரம்பித்தது.

அன்றோடு கவசம் சாட்சி சொல்வதை நிறுத்திவிட்டதா? இல்லை என்பேன். சாட்சி சொல்லும் விஷயம்தான் மாறியது. முன்பு, "இன்றைக்கு எனக்கு இவ்வளவு பலம்" என்றது. பிறகு, "அன்றைக்கு நான் அங்கே இருந்தேன்" என்றது. அதே விளையாட்டில் குறிப்பிட்ட காலத்துக்குள் சவாலை முடித்தவர்களுக்கு மட்டும் தந்த கவசங்கள் 2014-இல் நிறுத்தப்பட்டன. இன்று அதைப் போட்டிருப்பவர் பலசாலி என்று அர்த்தமில்லை. பழைய ஆள் என்று அர்த்தம்.

ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. கொரியாவில் 2003-இல் வந்த மேப்பிள்ஸ்டோரி, கவசத்துக்கு மேலே போடும் அலங்கார உடையை நிஜக் காசுக்கு விற்றது. 2010-இல் வார்கிராஃப்டிலேயே மின்னும் குதிரை ஒன்று 25 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. தோற்றம் தனி எண்ணாகப் பிரிந்துவிட்டால் அதற்குத் தனி விலைச் சீட்டும் ஒட்டலாம். எதிரே வருகிறவர் மேல் மின்னுவது இரவெல்லாம் 40 பேரோடு போராடி வாங்கியதா, கார்டைத் தேய்த்து வாங்கியதா? விவரம் தெரிந்த பழைய ஆட்களுக்கு அடையாளம் தெரியும். புதிதாக வந்தவருக்கு இரண்டும் ஒரே மினுமினுப்புதான்.