மோட்டார் காரில் மின்சாரம் திரும்பும் வழி

டார்ச் விளக்கு எரிய வேண்டுமானால் மின்சாரம் மின்கலத்தின் ஒரு முனையிலிருந்து புறப்பட்டு, பல்பின் வழியே சென்று, மறு முனைக்குத் திரும்பி வர வேண்டும். போக ஒரு வழி, வர ஒரு வழி. மின்சுற்றைப் பற்றி நாம் பள்ளியில் படித்த முதல் பாடம் இது. ஆனால் பழைய மோட்டார் கார் ஒன்றின் பின் விளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதற்குள் ஒரே ஒரு கம்பிதான் செல்லும். அப்படியானால் மின்சாரம் எந்த வழியாகத் திரும்புகிறது?

காரின் இரும்பு உடலே திரும்பும் வழி. பாட்டரியின் ஒரு முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். விளக்கு, ஹாரன், ஸ்டார்ட்டர் ஆகியவற்றின் ஒரு முனையும் அதே உடலைத் தொட்டுக்கொண்டிருக்கும். இந்த இணைப்பைத்தான் மெக்கானிக்குகள் 'எர்த்' என்கிறார்கள். பழைய கார்களில் ஏற்படும் மின்கோளாறுகள் பல இந்தக் கண்ணுக்குத் தெரியாத கம்பியில்தான் ஒளிந்துகொண்டிருக்கின்றன. இது எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால், கோளாறை எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும்.

தந்தி தந்த பெயர்

1838 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஸ்டைன்ஹைல் என்ற அறிஞர் தந்திச் சோதனைகளைச் செய்துகொண்டிருந்தார். தந்திக்கு இரு கம்பிகள் தேவையில்லை, ஒரு கம்பி போதும், திரும்பும் மின்சாரத்தைப் பூமியே சுமக்கும் என்று அவர் கண்டறிந்தார். கம்பிச் செலவு பாதியாகக் குறைந்தது.

தந்தித் துறையில் வழங்கிய அந்தப் பெயர் மோட்டார் காருக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் கார் ரப்பர்ச் சக்கரங்களின் மேல் நிற்கிறது. அதன் மின்சுற்றுக்கும் பூமிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இங்கே 'எர்த்' என்பது காரின் உடலை மட்டுமே குறிக்கும். தொடக்க காலத்தில் இரு கம்பி முறையும் வழக்கில் இருந்தது. செம்பு மிச்சமாவதாலும் கம்பி பூட்டும் வேலை குறைவதாலும் நாளடைவில் ஒரு கம்பி முறையே வென்றது. 1953 இல் கண்ணாடி இழை உடலோடு வெளிவந்த கார்வெட் காரில் உடல் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே அத்தகைய கார்களில் விளக்குகளுக்குத் தனியாக எர்த் கம்பிகள் போட வேண்டியிருக்கிறது.

கைப்பிடி சுற்றிய காலம்

1886 இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் மின்சாரத்துக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. பாட்டரியும் தூண்டு சுருளும் சேர்ந்து எஞ்சினுக்குள் தீப்பொறி எழுப்பின. பாட்டரிக்கு மீண்டும் மின்னேற்றம் தர வண்டியில் டைனமோ கிடையாது. இக்குறையைப் போக்கியது மாக்னெட்டோ. ராபர்ட் பாஷ் 1897 இல் அதை ஒரு மோட்டார் வண்டியில் பொருத்தினார். 1902 இல் அவரிடம் பணியாற்றிய ஹோனோல்ட் உயர் அழுத்த மாக்னெட்டோவை உருவாக்கினார். எஞ்சின் சுழலும் வரை பொறிக்குப் பஞ்சமில்லை. விளக்குகளோ அசிட்டிலின் வாயுவிலும் மண்ணெண்ணெயிலும் எரிந்தன.

இந்தச் சுற்றுகளில் ஓடிய மின்னோட்டம் சில ஆம்பியர்களே. திரும்பும் வழி சற்று மோசமாக இருந்தாலும் வண்டி ஓடிவிடும். ஆனால் எஞ்சினைக் கிளப்பக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். எஞ்சின் எதிர்த்திசையில் உதைத்தால் மணிக்கட்டு முறியும்.

கெட்டரிங் செய்த மாற்றம்

எஞ்சினைச் சுழற்றும் வலுவுள்ள மின்மோட்டார் காருக்குள் அடங்காது என்று பலர் கருதினர். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் வேறு விதமாக எண்ணினார். அவர் முன்னர் கடைகளில் பணம் போடும் கல்லா இயந்திரத்துக்கு மின்மோட்டார் அமைத்தவர். அந்த மோட்டார் ஒரு கணம் மட்டும் பலமாக இழுத்தால் போதும். காரின் ஸ்டார்ட்டருக்கும் அதே நிலைதானே? சில வினாடிகளே ஓடும் மோட்டாருக்குள் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைச் செலுத்தினாலும் அது சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

இக்கருத்தில் பிறந்த செல்ஃப் ஸ்டார்ட்டர் 1912 ஆம் ஆண்டின் காடிலாக் காரில் வந்தது. ஒரே இயந்திரம் முதலில் மோட்டாராகி எஞ்சினைக் கிளப்பியது. பின்னர் டைனமோவாகிப் பாட்டரிக்கு மின்னேற்றியது. மணிக்கட்டுகள் தப்பின. ஆனால் அன்று முதல் காரின் திரும்பும் வழி நூற்றுக்கு மேற்பட்ட ஆம்பியர்களைச் சுமக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு மாற்றத்தையும் கவனியுங்கள். எஞ்சினை அடிச்சட்டத்தில் நேராக முடுக்கிவிட்டால் இரும்போடு இரும்பு சேர்ந்து மின்சாரம் தடையின்றிப் போகும். ஆனால் அதிர்வும் உடன் வரும். 1931 இல் பிளிமத் கார் எஞ்சினை ரப்பர்த் தாங்கிகளின் மேல் உட்கார வைத்துப் பெயர் பெற்றது. அதிர்வு அடங்கியது. ஆனால் ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாத பொருள்! ஸ்டார்ட்டரோ எஞ்சினில்தான் இருக்கிறது. ஆகவே ரப்பர்த் தாங்கிகளில் அமர்ந்த எஞ்சினுக்கும் உடலுக்கும் நடுவே பின்னிய செம்புப் பட்டை ஒன்று தேவைப்படுகிறது. பழைய காரின் அடியில் எண்ணெயும் சேறும் படிந்து தொங்கும் அந்தப் பட்டையை யாரும் பொருட்படுத்துவதில்லை.

அது அறுந்தால் மின்சாரம் சும்மா இருக்காது. வேறு வழி தேடும். சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் போன்ற மெல்லிய இரும்பு இழைகளின் வழியே பாயும். ஸ்டார்ட்டரை அழுத்தியதும் சோக் கேபிள் சுட்டால், பட்டையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெட்ரோல் ஆவி உள்ள இடத்தில் பழுக்கக் காய்ந்த கம்பி இருப்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சிறு கணக்கு

பாட்டரியை உடலோடு பிணைக்கும் முனையில் துருவோ களிம்போ ஏறி, 0.01 ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முகப்பு விளக்குகள் இரண்டும் சேர்ந்து 7.5 ஆம்பியர் இழுத்தால், ஓம் விதிப்படி அந்த முனையில் இழப்பது 0.075 வோல்ட்தான். விளக்குகள் பளிச்சென்று எரியும். இப்போது ஸ்டார்ட்டரை அழுத்துங்கள். அது 200 ஆம்பியர் இழுத்தால் இழப்பு 2 வோல்ட்! அந்தச் சிறு முனையில் 400 வாட் வெப்பம் எழும். ஒரு சிறிய இஸ்திரிப் பெட்டியின் சூடு அது. ஸ்டார்ட்டர் முனகிவிட்டு நின்றுவிடும்.

"லைட் நன்றாக எரிகிறது, ஆகவே எர்த்தில் குறையில்லை" என்ற முடிவு எவ்வளவு தவறு என்று பார்த்தீர்களா? எனக்குத் தெரிந்த டாக்சிக்காரர் ஒருவர் இப்படித்தான் ஒரே ஆண்டில் இரண்டு பாட்டரிகள் வாங்கினார். வண்டிக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தபோது எர்த் போல்ட்டின் கீழும் பெயின்ட் புகுந்திருந்தது. குறை அவ்வளவே. கால் ரூபாய் உப்புத்தாள் செய்திருக்க வேண்டிய வேலைக்கு அவருடைய பல நாள் வருமானம் போயிற்று.

கண்டுபிடிப்பது எப்படி?

மின்னோட்டம் ஓடாதபோது அளந்தால் களிம்பேறிய முனையிலும் வோல்ட்மீட்டர் முழு 12 வோல்ட்டையும் காட்டும். சாதாரண ஓம்மீட்டருக்கு 0.01 ஓம் புலப்படாது. எனவே ஸ்டார்ட்டர் சுழலும்போதே அளக்க வேண்டும்.

கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். எஞ்சின் கிளம்பாதிருக்க இக்னிஷன் காயிலுக்குச் செல்லும் மெல்லிய கம்பியைக் கழற்றி, அதன் நுனி எதையும் தொடாதபடி ஒதுக்கி வையுங்கள். வோல்ட்மீட்டரின் ஒரு முள்ளைப் பாட்டரியின் எர்த் பக்க ஈயக் குமிழிலும், மற்றதை எஞ்சினின் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட்டரை அழுத்தச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குக் குறைவாக இருந்தால் நல்லது. மிகுந்தால், இரண்டாம் முள்ளை ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி நகர்த்துங்கள்: எஞ்சின், உடல், கேபிள் முனை, கிளாம்ப். எந்த இரு படிகளுக்கு இடையே அளவு சட்டெனக் குறைகிறதோ அங்கேதான் குற்றவாளி இருக்கிறான். பாட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்றிவிட்டு, அந்த இணைப்பை உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறுக முடுக்கி, வாசலின் தடவினால் போதும்.

மீட்டர் இல்லாமலே தெரியும் அடையாளமும் உண்டு. பிரேக்கை மிதிக்கும்போது அதே பக்கத்துப் பின் விளக்கோ இண்டிகேட்டரோ மங்கலாக எரிகிறதா? அந்த விளக்குக் கூட்டின் எர்த் விட்டுப்போயிருக்கும். நேர்வழி அடைபட்டதால் மின்சாரம் அடுத்த பல்பின் இழை வழியாகத் திரும்பப் பார்க்கிறது.

எந்த முனை எர்த்?

எர்த் என்றாலே எதிர்முனை என்று எண்ணிவிடக் கூடாது. 1930களின் நடுப்பகுதி முதல் 1960களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான பிரிட்டிஷ் கார்களில் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டது. டைனமோவுக்கு அதனால் தொல்லையில்லை. 1960 இல் அமெரிக்காவின் வேலியண்ட் கார் ஆல்டர்னேட்டரோடு வெளிவந்தது. அதிலுள்ள சிலிக்கன் டயோடுகள் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடுபவை. பாட்டரியைத் தலைகீழாக இணைத்தால் அவை கருகிவிடும். ஆல்டர்னேட்டரும் டிரான்சிஸ்டர் ரேடியோவும் பரவியபோது எதிர்முனை எர்த்தே பொது வழக்காயிற்று.

நம் நாட்டில் 2014 வரை தயாரான அம்பாஸடரின் மூலமும் ஒரு பிரிட்டிஷ் வண்டிதான்: மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை. 1961 இல் தோன்றிய சென்னை பாடியின் லூகாஸ்-டிவிஎஸ் ஆலை, ஸ்டார்ட்டர், டைனமோ போன்றவற்றை இங்கேயே செய்யத் தொடங்கியது. ஆகவே நம் ஊரில் ஒரு பழைய வண்டி கைக்கு வந்தால், ரேடியோவையோ ஆல்டர்னேட்டரையோ பூட்டுமுன் பாட்டரியின் எந்த முனை உடலில் இணைந்திருக்கிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள்.

இன்றைய கார்களில் கணிப்பொறிச் சில்லுகள் வந்துவிட்டன. எஞ்சினை உடலோடு பிணைக்கும் பட்டையும் எர்த் போல்ட்டும் இன்னும் அவற்றில் இருக்கின்றன. புதிய பாட்டரிக்குப் பணம் எடுத்து வைக்குமுன், முதலில் அவற்றைத் தேய்த்துப் பாருங்கள்.