இளமை எத்தனை வயது வரை?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் அண்மையில் படப்பிடிப்பு. லயத்துக்குப் பக்கத்துத் திடலில் பந்து விளையாடிய பையனின் சட்டையில் ‘யுவென்டஸ்’ என்று இருந்தது. “அர்த்தம் தெரியுமா தம்பி?” என்றேன். “இத்தாலி டீம், அக்கா” என்றான்.

உண்மைதான். 1897-இல் தூரின் நகரப் பள்ளி மாணவர்கள் தொடங்கிய குழு அது. ஆனால், லத்தீனில் அச்சொல்லுக்கு ‘இளமை’ என்று பொருள். சமஸ்கிருதம் வழியாக நாம் பெற்ற யுவன், யுவதி என்ற சொற்களும் அதே மூலத்தில் பிறந்தவையே.

ரோமானியருக்கு யார் இளைஞர்? அறிஞர் வர்ரோ வகுத்தபடி, 15 வரை சிறுவன். 30 வரை வளரும் பருவம். அதன் பின் 45 வரைதான் ‘யுவெனிஸ்’. படையில் முன்னணிக்கு அழைக்கும் வயதும் 45 வரை. போருக்கு ஆள் தேவைப்பட்டது, இளமை நீண்டது.

நம் தோட்டங்களில் நேர்மாறு. பகாங் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்களின் 1923 தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. 1929-இல் ரஸ்ஸல் ‘போ’ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கியபோது இருந்த சட்டம் இதுதான். 14-க்குப் பிறகு? பெரட்டில் பெயர் வந்துவிட்டால் அவன் ஆள். பலருக்கு அதற்கு முன்பே படிப்பு நின்றது. நேற்று பிள்ளை, இன்று தொழிலாளி. நடுவில் இளமை என்ற பருவமே இல்லை!

அந்த லத்தீன் சொல் ஆங்கிலத்தில் ‘ஜுவனைல்’ ஆகி, 1947 சிறார் நீதிமன்றச் சட்டத்தோடு நம்மிடம் வந்தது. இளமையைக் குறித்த சொல், நம் காதில் குற்றத்தைக் குறிக்கும் சொல்லானது. 2001 சிறார் சட்டம் அந்தப் பெயரை நீக்கி, 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட அனைவரையும் ‘பிள்ளை’ என்றே அழைத்தது. 2019-இல் நாடாளுமன்றம் வாக்குரிமை வயதை 21-லிருந்து 18-ஆகவும், இளைஞர் வயது வரம்பை 40-லிருந்து 30-ஆகவும் குறைக்கும் திருத்தங்களை ஏற்றது.

சட்டங்கள் கோட்டை மாற்றிக்கொண்டே இருக்கும். பெற்றோர்களே, நம் வீட்டுக் கோடு எங்கே? எஸ்.பி.எம். முடிந்ததும் “வேலைக்குப் போ” என்பதற்குமுன், மேற்படிப்புக்கோ கைத்தொழிலுக்கோ சில ஆண்டுகள் கொடுங்கள். தேயிலைக் கொழுந்தைத்தான் முற்றுமுன் பறிக்க வேண்டும். பிள்ளைகளை அல்ல.