இரண்டாவது அயல்நாடு: பண்டித ரமாபாயின் பயணங்கள்

பயணம் மனத்தை விரிவாக்கும் என்பது பலரும் ஒப்புக்கொள்ளும் கூற்று. வரலாற்றுச் சான்றுகளோடு வைத்துப் பார்க்கும்போது அதனை அப்படியே ஏற்பது கடினம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் பலர் இங்குப் பல்லாண்டுகள் வாழ்ந்தும், கப்பலேறும்போது கொண்டுவந்த கருத்துகளையே உறுதிப்படுத்திக்கொண்டு திரும்பினர். இங்கிலாந்து சென்ற இந்தியர் பலருக்கும் ஏறத்தாழ இதுவே நேர்ந்தது. சிலர் இந்தியா பின்தங்கியது, இங்கிலாந்து முன்னேறியது என்ற முடிவோடு வந்தனர். சிலர் பொருள்வளம் அவர்களிடம், ஆன்மிக வளம் நம்மிடம் என்று அமைதி கண்டனர். இரண்டு முடிவுகளும் கடல் கடக்காமலேயே எட்டக்கூடியவை. ஆகவே, பயணம் பார்வையை எந்தச் சூழலில் மாற்றுகிறது என்று கேட்பதே பொருத்தம். பண்டித ரமாபாய் 1883 முதல் 1889 வரை மேற்கொண்ட பயணங்கள் இக்கேள்விக்குத் தெளிவானதொரு விடை தருகின்றன.

ரமாபாய் 1858-இல் மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்கமூலம் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே வடமொழிப் பேரறிஞர். பெண்களுக்குச் சமஸ்கிருதம் கற்பிக்கக் கூடாது என்ற வழக்கத்தை மீறித் தம் மனைவி லட்சுமிபாய்க்கு அதனைக் கற்பித்தார். ரமாபாய் அம்மொழியைக் கற்றது தாயிடம்தான். புராணங்களை வாசித்துப் பொருளுரைத்து ஊர் ஊராகச் சென்று பிழைத்த குடும்பம் அது. 1870-களின் பஞ்சக் கொடுமையில் பெற்றோர் இறந்தனர். எஞ்சிய ரமாபாயும் அண்ணன் ஸ்ரீநிவாசனும் நாடெங்கும் நடந்தே அலைந்து, 1878-இல் கல்கத்தாவை அடைந்தனர். அங்குள்ள அறிஞர்கள் அவரது புலமையைச் சோதித்துப் ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ என்னும் பட்டங்களை வழங்கினர்.

அண்ணனின் மறைவுக்குப் பின், 1880-இல், வங்காள வழக்கறிஞர் பிபின் பிஹாரி மேதாவியை ரமாபாய் மணந்தார். இது சாதியும் மொழியும் கடந்த பதிவுத் திருமணம். 1882-இல் காலரா நோய் கணவரைக் கொண்டுபோயிற்று. கைக்குழந்தை மனோரமாவுடன் ரமாபாய் புனே வந்தார். ஆரிய மகிளா சமாஜத்தை நிறுவினார். ஹண்டர் கல்விக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். பெண்களுக்கான ஒழுக்க நூலாக ‘ஸ்த்ரீ தர்ம நீதி’யை மராத்தியில் எழுதினார். அந்நூலின் விற்பனைப் பணம் இங்கிலாந்துப் பயணத்துக்கு உதவியது. எனவே, 1883-இல் கப்பலேறியபோது ரமாபாய் ஊர் அறியாத பெண்ணாக இருக்கவில்லை. இந்தியத் துணைக்கண்டத்தின் பெரும்பகுதியைக் கால்நடையாகக் கண்டிருந்தார். ஒவ்வொரு வட்டாரத்திலும் வழக்கங்கள் மாறுவதை அறிந்திருந்தார். ஒரு சமூகம் இயற்கை விதி என்று கொள்வது அடுத்த ஊரில் விதியாக இருப்பதில்லை என்னும் அறிவு அவருக்கு முன்பே வாய்த்திருந்தது.

இங்கிலாந்தில் வாண்டேஜ் என்னும் ஊரிலிருந்த ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்தில் தங்கினார். மருத்துவம் பயில்வது நோக்கமாக இருந்தது. செவித்திறன் குறைந்து வந்ததால் அது கைகூடவில்லை. 1883 செப்டம்பரில் மகளுடன் திருமுழுக்குப் பெற்றார். புனேயின் சீர்திருத்த வட்டாரத்தில் இச்செய்தி பெரும் அதிர்ச்சியை உண்டாக்கியது. அதன் பின் நிகழ்ந்தவை இங்கு முதன்மையானவை. மதம் மாறியதால் ரமாபாய் ஆங்கிலேயரின் கருத்துகள் அனைத்தையும் ஏற்றுக்கொள்வார் என்று மடத்தார் எதிர்பார்த்தனர். அது நடக்கவில்லை. திரித்துவக் கோட்பாட்டைக் கேள்விக்கு உட்படுத்தினார்; புலால் உண்ண மறுத்தார்; சிலுவையில் இலத்தீன் சொற்கள் பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்டு, அந்த இடத்தில் சமஸ்கிருதம் ஏன் இருக்கலாகாது என்று வினவினார். ஆசானாகவும் அன்னையாகவும் தம்மைக் கருதிய அருட்சகோதரி ஜெரால்டினுக்கு அவர் எழுதிய மடல்களில் அன்பும் உண்டு, விட்டுக்கொடாத வாதமும் உண்டு.

1884-இல் செல்டனம் பெண்கள் கல்லூரியில் சேர்ந்து, படித்துக்கொண்டே சமஸ்கிருதமும் கற்பித்தார். கல்லூரித் தலைவி டாரதி பீல் அவருக்குப் பெருந்துணையாக இருந்தார். ஆடவர்க்கும் ரமாபாய் வகுப்பெடுக்கலாம் என்ற எண்ணம் எழுந்தபோது, இந்தியாவில் பணியாற்றிய ஆயர்கள் எதிர்த்தனர். ஆண்களுக்குப் பெண் கற்பிப்பது இந்தியப் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்றும், நாடு திரும்பினால் அவரது மதிப்பு கெடும் என்றும் காரணம் காட்டினர். ரமாபாய்க்கு இது வியப்பளித்தது. தாம் இந்தியாவில் ஆடவர் நிறைந்த அவைகளில் உரையாற்றியவர் என்பதையும், தந்தையும் கணவரும் மறுக்காத ஒன்றை ஆங்கிலேயர் மறுக்கின்றனர் என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். பெண்ணுரிமையின் தாயகம் என்று நம்பி வந்த நாடு, ‘இந்தியப் பண்பாடு’ என்பதன் பெயரால், இந்தியாவில் அவர் இயல்பாகச் செய்துவந்ததையே தடுத்தது.

இந்த இடத்தோடு ரமாபாயின் பயணம் முடிந்திருந்தால், இங்கிலாந்தால் ஈர்க்கப்பட்டு இங்கிலாந்தாலேயே ஏமாற்றம் அடைந்தவர் என்று அவரைப் பற்றி எழுத நேர்ந்திருக்கும். ஆளும் நாட்டுக்கும் ஆளப்படும் நாட்டுக்கும் இடையே பயணம் செய்பவருக்கு வாய்ப்பது ஒற்றை அளவுகோல். அதில் ஒரு முனை உயர்ந்தால் மறுமுனை தாழும். மூன்றாவது நிலை இல்லை. குடியேற்ற ஆட்சிக் காலத்துப் பயண நூல்கள் பலவும் புகழ்ச்சிக்கும் வெறுப்புக்கும் இடையே ஊசலாடுவதற்கு இது ஒரு காரணம் எனலாம்.

1886 பிப்ரவரியில் ரமாபாய் லிவர்பூலில் கப்பலேறிப் பிலடெல்பியா சென்றார். அவருடைய உறவினரான ஆனந்திபாய் ஜோஷி அங்குள்ள பென்சில்வேனியப் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் மார்ச் 11 அன்று பட்டம் பெற்றார். மேற்கத்திய மருத்துவத்தில் அமெரிக்கப் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்று அறியப்படுபவர் அவர். அமெரிக்கா புறப்படுமுன் 1883-இல் செராம்பூரில் ஆற்றிய உரையில், இந்துவாகச் சென்று இந்துவாகவே திரும்புவதாக ஆனந்திபாய் அறிவித்திருந்தார். சொன்னவண்ணமே இருந்தார். ஒரே குடும்ப வட்டத்தைச் சேர்ந்த இரு பெண்கள், ஒரே ஆண்டில் இந்தியாவை விட்டு நீங்கி, ஒருவர் மதம் மாறியும் மற்றவர் மாறாமலும் ஓர் அரங்கில் சந்தித்தனர். அயல்நாட்டு வாழ்க்கை எல்லோரையும் ஒரே வகையில் மாற்றும் என்ற எண்ணத்துக்கு இக்காட்சியே மறுப்பு. ஆனந்திபாய் நாடு திரும்பிச் சில மாதங்களில், 1887 பிப்ரவரியில், இருபத்திரண்டு வயது நிறையுமுன் மறைந்தார்.

சில வாரம் தங்க வந்த ரமாபாய் அமெரிக்காவில் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் தங்கினார். பிரோபெலின் மழலையர் கல்வி முறையைக் கற்றார். பிரான்சஸ் வில்லர்டு தலைமையில் இயங்கிய பெண்கள் மதுவிலக்குச் சங்கத்தின் அமைப்பு முறையைக் கவனித்தார். அவருடைய பணிக்கு உதவ 1887 டிசம்பரில் பாஸ்டனில் அமெரிக்க ரமாபாய் சங்கம் தோன்றியது. பல கிறித்தவப் பிரிவினரும் அதில் இணைந்து, இந்தியாவில் அவர் தொடங்கவிருந்த இல்லத்தைப் பத்தாண்டு தாங்குவதாக உறுதியளித்தனர்.

இந்த இரண்டாவது அயல்நாடு ரமாபாயின் அளவுகோலையே மாற்றிற்று. அதுவரை ‘மேற்கு’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கியிருந்தது இப்போது பலவாகப் பிரிந்தது. அரசி ஆளும் நாடு ஒன்று, குடியரசு ஒன்று. அரசு சார்ந்த திருச்சபை ஒருபுறம், எந்தத் திருச்சபையையும் சாராத அரசு மறுபுறம். ஒரு நாட்டில் பெண்கள் ஆயர்களின் ஒப்புதலுக்குக் காத்திருந்தனர். மற்றொரு நாட்டில் பெண்கள் தாமே சங்கம் கூட்டி, நிதி திரட்டி, கணக்கு எழுதி, தலைவியைத் தேர்ந்தனர். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நாடு ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து விடுதலை பெற்ற நாடு. இங்கிலாந்தைப் பின்பற்றாமலும் முன்னேறலாம் என்பதற்கான சான்று கண்முன் நின்றது.

இப்பயணத்தின் பயனாக இரு மொழிகளில் இரு நூல்கள் வெளிவந்தன. 1887-இல் பிலடெல்பியாவில் வெளியான ஆங்கில நூல் ‘உயர்சாதி இந்துப் பெண்’. மருத்துவக் கல்லூரித் தலைவி ரேச்சல் பாட்லி அதற்கு முன்னுரை எழுதினார். 1889-இல் பம்பாயில் வெளியான மராத்தி நூல், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மக்கள் வாழ்நிலையையும் பயண விவரத்தையும் கூறுவது. முதல் நூல் இந்தியாவை அமெரிக்கர்க்கு விளக்கியது. இரண்டாவது அமெரிக்காவை மராத்தியர்க்கு விளக்கியது. ஆங்கில நூல் நிதி வேண்டி எழுதப்பட்டமையால் கைம்பெண்களின் துயரத்தை முன்னிறுத்துகிறது. மராத்தி நூல் தம் மக்களைத் தூண்ட எழுதப்பட்டமையால் அமெரிக்கச் சாதனைகளை முன்னிறுத்துகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் ஆய்வாளர்க்கு ஒன்று விளங்கும். பயணி தாம் கண்டதை மட்டும் எழுதுவதில்லை. யாருக்கு எழுதுகிறார் என்பதும் அந்தக் காட்சியை உருவாக்குகிறது.

ஆயினும் மராத்தி நூல் வெறும் புகழுரை அன்று. ஆட்சிமுறை, இல்வாழ்க்கை, கல்வி, சமயம், வணிகம், பெண்களின் நிலை எனத் துறைதோறும் விவரங்களைத் தருகிறது. தொல்குடி மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியையும், அடிமை முறையையும், அது ஒழிந்த பின்னும் நீடித்த நிறவெறுப்பையும் கண்டிக்கிறது. தொப்பிகளில் பறவைகளைச் செருகி அணியும் அமெரிக்கப் பெண்களின் நாகரிகத்தைச் சாடுகிறது. மேலைநாட்டார் கீழைநாட்டுப் பழக்கங்களை ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லிவந்த காலத்தில், இந்தியப் பெண் ஒருவர் அதே முறையில் மேலைச் சமூகத்தை ஆராய்ந்தார் என்பது சிறிய செய்தி அன்று.

இப்பார்வைக்கு எல்லைகளும் இருந்தன. ரமாபாய் அமெரிக்காவைக் கண்டது பெரும்பாலும் வசதிபெற்ற வெள்ளை இனச் சீர்திருத்தப் பெண்களின் இல்லங்களிலிருந்து. கல்வி பெற்ற பிராமணப் பெண் என்ற அடையாளம் அவருக்கு அங்கு மதிப்பைத் தந்தது. கறுப்பினப் பெண்ணுக்கு அந்த மேடை எளிதில் கிடைத்திருக்காது. மேலும், அவரது ஆங்கில நூல் அமெரிக்க வாசகர் மனத்தில் இந்தியாவின் ஒரு முகத்தை மட்டுமே ஆழப் பதித்தது. சில ஆண்டுகளுக்குப் பின் விவேகானந்தர் அங்கு வேறோர் இந்தியாவைப் பற்றிப் பேசியபோது, புரூக்ளின் நகர ரமாபாய் வட்டத்தார் அவரோடு கடுமையாக முரண்பட்டனர். இரு இந்தியப் பயணிகளின் இரு சித்திரங்கள் அயல்மண்ணில் மோதிக்கொண்டன. பயணம் பயணியின் பார்வையை மட்டும் மாற்றுவதில்லை. வரவேற்போரின் பார்வையையும் ஒருபுறம் திறந்து மறுபுறம் குறுக்கக்கூடும்.

ரமாபாய் ஜப்பான் வழியாகத் திரும்பி, 1889 மார்ச் 11 அன்று பம்பாயில் சாரதா சதனத்தைத் தொடங்கினார். ஆனந்திபாய் பட்டம் பெற்று அன்றைக்குச் சரியாக மூன்றாண்டுகள். இல்லம் மறுஆண்டு புனேக்கு மாறியது. சமயம் கற்பிக்காத கல்வி இல்லமாக அது அமைந்தது. ரானடே, பண்டார்கர் போன்றோர் ஆலோசகர்களாயினர். 1893-இல், மாணவியர் கிறித்தவத்துக்கு ஈர்க்கப்படுகின்றனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தபோது அவர்கள் விலகினர்; பெற்றோர் பலர் மகளிரை அழைத்துச் சென்றனர். அயல்நாட்டில் கற்றதை ஊரில் நடுவது எத்துணைக் கடினம் என்பதற்கு இது சான்று. ஆனால் அந்த இல்லத்தின் தொடக்கக்கால மாணவியரில் ஒருவரான இளங்கைம்பெண் கோதுபாய், அதே 1893-இல் தோண்டோ கேசவ் கார்வேயை மணந்தார். அந்தக் கார்வே 1896-இல் கைம்பெண்களுக்கான இல்லத்தையும், 1916-இல் இந்தியாவின் முதல் பெண்கள் பல்கலைக்கழகத்தையும் நிறுவினார்.

பிறபண்பாட்டுப் புரிதல் குறித்த ஆய்வுகள், பயணி எவ்வளவு தூரம் சென்றார் என்பதை விட, எத்தனை ஒப்பீட்டுப் புள்ளிகள் அவருக்குக் கிடைத்தன என்பதைக் கேட்பது பயன்தரும். ரமாபாய்க்கு முதல் அயல்நாடு தம் நாட்டை வெளியிலிருந்து காணும் வாய்ப்பைத் தந்தது. அந்த முதல் அயல்நாட்டையே வெளியிலிருந்து காணும் வாய்ப்பைத் தந்தது இரண்டாவது. இன்று உயர்கல்விக்காக ஒரே ஒரு நாட்டுக்குச் சென்று, அதனையே உலகத்தின் அளவாகக் கொண்டு திரும்பும் தலைமுறைக்கும் இவ்வேறுபாடு எண்ணிப் பார்க்கத்தக்கது.